சித்திக்குப் போன் பண்ணுங்க

1

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகள் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தாள். ஏதோ பழைய பாட்டு. பாதி வரிகள் தெரியாது. தெரியாத இடத்தில் தானாகவே ஒரு வரியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் பாடினாள். நான் சமையலறையில் தேநீருக்காகப் பால் டின்னைத் திறந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு பாட்டு முடிந்தது. இரண்டாவது தொடங்கியது. மூன்றாவது வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். பெண் பாடினால் அப்பன் சந்தோஷப்படுவதுதானே வழக்கம்?

நிவேதா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"என்னப்பா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா."

"பாட்டா?"

நான் பால் டின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ரெண்டே பாட்டுதான் பா. நேத்து ஏழு மணி நேரம் தூங்கினேன். மருந்து போட்டுட்டேன். மூளை ஓகே. வாங்க, பசியாறலாம்." இந்த நாட்டுத் தமிழில் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறல் என்று பெயர். வந்த புதிதில் எனக்கு மிகவும் பிடித்துப்போன சொல்.

சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு இறங்கவில்லை. இருபத்தைந்து வயதுப் பெண், சொந்த வீட்டில் இரண்டு பாட்டுப் பாடியதற்கு, எத்தனை மணி நேரம் தூங்கினேன், எந்த மாத்திரை போட்டேன் என்று அப்பாவுக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. அவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை வேறு யாரும் தந்திருக்க முடியாது.

அன்று தேதியைப் பார்த்தேன். அவள் தன் கையால் எழுதிய தாள்களை என்னிடம் கொடுத்து ஒரு வருடம் முடிந்திருந்தது. அந்தத் தாள்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் தேனிப் பக்கம் சின்னமனூர்க்காரன். இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்பு, சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஜொகூரில் குலாய்க்கு வந்தேன். பிளாஸ்டிக் பொருட்கள் வார்க்கிற தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லித்தான் விமானம் ஏறினேன். அதே தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் ஜெயந்தி இருந்தாள். யோங் பெங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன். வருடா வருடம் விசா புதுப்பிப்பு, வரிசை, போட்டோ, மறுபடியும் வரிசை என்று பல வருடம் அலைந்த பிறகு நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை கிடைத்தது. குடிமக்களான மனைவிக்கும் மகளுக்கும் நீல அட்டை. ஒரே மேசையில் சாப்பிட்டாலும் எங்கள் சட்டைப் பைகளில் இருப்பது வேறு வேறு நிறம்.

நிவேதா படிப்பு முடித்ததும் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. விடிவதற்கு முன்பே எழுந்து பஸ் பிடித்து, இரண்டு நாட்டுக் குடிநுழைவு வரிசையிலும் நின்று, பாலத்தைக் கடந்து போய் வருவாள். ஒரு கட்டத்தில் தூக்கம் சுத்தமாக நின்றுவிட்டது. ஆனால் சோர்வே இல்லை. வந்ததும் வீட்டைக் கழுவுவாள், நாய்களுக்குக் காப்பகம் கட்டப் படம் வரைவாள், பாடுவாள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. சின்னமனூரில் இருக்கும் என் அண்ணனிடம் போனில், "நாலு ஆளு வேலைய ஒத்த ஆளாப் பாக்குறா அண்ணே" என்று பீற்றிக்கொண்டேன்.

தூக்கம் நின்ற ஐந்தாம் நாள் விடிகாலையில் காரை எடுத்துக்கொண்டு பொந்தியான் கடற்கரைக்குப் போய்விட்டாள். ஒரு மலாய் மீனவர் அவள் கைப்பேசியில் இருந்து என்னை அழைத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது இடுப்புவரை கடல் சேறு அப்பியிருக்க, அவருடைய படகுக் கொட்டகையில் உட்கார்ந்து சூடான தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"செல்வம், கடலுக்கு அடியில சிங்கப்பூருக்கு இன்னொரு பாலம் இருக்கு. நான் கண்டுபிடிச்சிட்டேன். க்யூவே கிடையாது."

அப்பா என்று மட்டுமே கூப்பிட்ட பெண். என் பெயரைச் சொன்னாள்.

மருத்துவமனையில் தாதி ஒருத்தி மலாயில் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டே வந்தாள். இதற்கு முன் மகளுக்கு 'முரோங்' இருந்ததா என்று கேட்டாள். என் மலாய் தொழிற்சாலைக்கும் சந்தைக்கும் போதுமான மலாய். முருங்கைக்காயைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, "அவளுக்குப் பிடிக்காது, கீரைதான் சாப்பிடுவாள்" என்றேன். தாதியின் பேனா நின்றது. பக்கத்தில் இருந்த ஜெயந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். மனம் இருண்டு, எதிலும் பிடிப்பில்லாமல் கிடப்பதற்கு மலாயில் அப்படிப் பெயராம். இருந்திருக்கிறது. படிக்கும் காலத்தில் இரண்டு மாதம் அறையை விட்டு வெளியே வராமல் படுத்தே கிடந்தாள். நான் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்திருந்தேன்.

டாக்டர் பைபோலார் என்றார். மனம் மாறி மாறி உச்சிக்கு ஏறுவதும் பாதாளத்தில் விழுவதுமான நோய். மருந்து உண்டு, கட்டுக்குள் வைக்கலாம், ஆனால் மறுபடி வரலாம் என்றார். எனக்குக் கடைசியில் சொன்னது மட்டும்தான் காதில் தங்கியது. மறுபடி வரலாம்.

அந்த முறை ஏழு வாரம் வார்டில் இருந்தாள்.

3

வீட்டுக்கு வந்த பிறகு சிங்கப்பூர் வேலையை விட்டாள். குலாயிலேயே ஒரு கால்நடை மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் சேர்ந்தாள். சிகிச்சைக்குப் போகும் மருத்துவமனையில் சொன்னதன் பேரில், ஒரு குழுவுக்கும் போகத் தொடங்கினாள். கடைவரிசை ஒன்றின் மாடியில் ஓர் அறை. ஞாயிறு மதியம் கூடுவார்கள். மனநோயில் இருந்து மீண்டு வருகிறவர்கள், குடியை விட்டவர்கள், போதைப் பொருளை விட்டவர்கள் எல்லாரும் ஒரே வட்டமாக உட்கார்வார்கள். மருத்துவர் யாரும் இல்லை. அவர்களே பேசி, அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே அக்கா, அண்ணன், சார் என்று எந்த முறையும் கிடையாது. பெயர் மட்டும்தான்.

ஜெயந்தி கூடவே மாடிக்குப் போவாள். நான் போகமாட்டேன். இஞ்சினை அணைக்காமல் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பேன். தெரிந்த முகம் ஏதாவது அந்தப் பக்கம் வந்தால் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொள்வேன்.

அங்கேதான் அவளுக்குத் தாள் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். உடம்பும் மனமும் நன்றாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். நன்றாக இருக்கும்போது நான் எப்படி இருப்பேன், நோய் வரப்போகிறது என்பதற்கு என் அடையாளங்கள் எவை, வந்தால் யார் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது. இரண்டு மாதம் எழுதினாள், அடித்தாள், திருத்தினாள். பிறகு ஒரு மாலை, வேலை முடிந்து வந்து சட்டைகூட மாற்றாமல் இருந்த என் கையில் கொடுத்தாள்.

"பா, இது நான் நல்லா இருக்கப்ப எழுதினது. எனக்கு முடியாமப் போனா நான் அப்ப சொல்றதைக் கேக்காதீங்க. இதைக் கேளுங்க."

நான் தலையாட்டினேன். வாங்கிச் சாமி அலமாரியின் இழுப்பறையில், கற்பூரப் பொட்டலத்துக்கு அடியில் வைத்தேன். படிக்கவில்லை.

ஏன் என்று ஜெயந்தி பல தடவை கேட்டாள். இங்கிலீஷும் மலாயும் கலந்து எழுதியிருக்கிறாள், எனக்குச் சரியாகப் புரியாது என்று சாக்குச் சொன்னேன். உண்மை வேறு. படித்தால் வந்துவிடும் என்று பயம். வராத ஒன்றுக்குப் பாய் விரித்து வைப்பது போல இருந்தது.

ஜெயந்தி ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் நின்று, தானே படித்துக் காட்டத் தொடங்கினாள். "நிறுத்தாம பாடுவேன். நாலு மணி நேரத்துக்குக் குறைச்சலா தூங்குவேன். என் சாமான எல்லாம் மத்தவங்களுக்குத் தூக்கிக் குடுப்பேன். அப்பாவப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன்..." அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. கை ஈரத்தோடு வெளியே போய்விட்டேன். அடுத்த பக்கத்தில் இருந்தது எனக்குத் தெரியாமலே போனது.

அடையாளங்கள் மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டன. அதன் பிறகு நான் மகளைப் பார்க்கவே இல்லை. அடையாளங்களைத்தான் பார்த்தேன். காலையில் அவள் அறைக் கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பேன். மாத்திரை அட்டையை எடுத்து எண்ணுவேன். போனில் யாரோடோ பேசிச் சிரித்தால், எவ்வளவு நேரம் சிரிக்கிறாள் என்று கடிகாரத்தைப் பார்ப்பேன். தோழிக்கு ஒரு பழைய கைப்பையைக் கொடுத்தாள் என்று தெரிந்து அன்று அவள் அலமாரியில் வேறு என்ன குறைகிறது என்று தேடினேன்.

"அவள நிம்மதியா விடுங்க லா," என்பாள் ஜெயந்தி. "நீங்க பாக்குற பார்வையிலயே அவளுக்கு நோவு வந்துரும்."

4

தாள் கைக்கு வந்து நான்கு மாதம் கழித்து அந்தச் சனிக்கிழமை. ஜெயந்தி அவள் வேலை செய்யும் பாலர் பள்ளியில் ஏதோ நிகழ்ச்சி என்று போயிருந்தாள். வீட்டில் நானும் நிவேதாவும் மட்டும்.

காலையில் இருந்தே சமையலறை அலமாரிகள் எல்லாம் காலி. டம்ளர், தட்டு, பாட்டில் மூடி வரைக்கும் தரையில் வரிசையாக நின்றன. கழுவிக்கொண்டே பாடினாள். தண்ணீரில் ஊறிக் கை வெளுத்துப்போயிருந்தது. முந்தின இரண்டு இரவும் அவள் அறையில் விளக்கு எரிந்ததைப் பார்த்திருந்தேன். பார்த்தும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மதியம் சுமார் பன்னிரண்டு மணிக்குத் திரும்பி என்னைப் பார்த்து, "செல்வம், டீ போடவா?" என்றாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அவளே நிறுத்தினாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"பா... நான் இப்ப பேர் சொன்னேனா?"

"ஆமாம்மா."

அடுத்து அவள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம். அறைக்கு ஓடினாள். கைப்பேசி, கார்ச் சாவி, வங்கி அட்டை மூன்றையும் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். "வச்சுக்குங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க. ஏறுதுப்பா. ரொம்ப வேகமா ஏறுது. சித்திக்குப் போன் பண்ணுங்க. இப்பவே."

அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

நான் சித்திக்குப் போன் செய்தேன். ஜெயந்தியின் தங்கை மாலா, யோங் பெங்கில் இருக்கிறாள். நிவேதாவுக்குச் சித்தி. சின்ன வயதில் அவளைத் தூக்கி வளர்த்தவள்.

"அலமாக்! அத்தான், நீங்க ஒண்ணும் செய்யாதீங்க. அவள எங்கயும் விட்ராதீங்க. நான் வரேன்."

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள். கூடவே அவள் கணவர். அவருக்குப் பின்னால் இன்னொருவர். காவி வேட்டி, துணிப் பை. ஆயர் ஈத்தாம் பக்கத்தில் குறி பார்க்கிறவராம், வழியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். பையில் இருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டே அவர் அறைக்குள் நுழைந்தார். மாலா ஓடிப்போய் நிவேதாவின் தலையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, "என் கண்ணே, யாரு கண்ணு பட்டுச்சு?" என்று சத்தமாக அழுதாள்.

நிவேதா அந்தக் கைகளுக்குள் இருந்து என்னைப் பார்த்தாள்.

"நான் சித்தின்னுதானே சொன்னேன்?"

"சித்தியத்தாம்மா கூப்பிட்டேன்."

அவள் எங்கள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். நிற்காத சிரிப்பு. பார்த்துக்கொண்டிருந்த எங்கள் முகங்கள் மாற மாற இன்னும் சிரித்தாள். அந்த மனிதர் விபூதியோடு நெற்றியை நோக்கிக் கை நீட்டியதும் எழுந்தாள். மாலாவைத் தள்ளினாள். செருப்புகூட இல்லாமல் வாசல் தாண்டி ஓடினாள். நான் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தபோது முக்குத் திரும்பிவிட்டிருந்தாள்.

அவள் கைப்பேசியும் சாவியும் என் சட்டைப் பையில் இருந்தன. கையில் ஒரு காசு கிடையாது. எங்கள் தாமான் குடியிருப்பைத் தாண்டினால் பெரிய சாலை. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காய் ஏற்றிய லாரிகள் வேகமாகப் போகிற சாலை.

காரை எடுத்துக்கொண்டு சுற்றினேன். பஸ் நிறுத்தம், கோயில், அவள் வேலை செய்யும் கிளினிக். எங்கும் இல்லை. சாலையோரம் எங்காவது நாலு பேர் கூடி நின்றால் பார்க்கத் துணிவில்லாமல் கண்ணை இறுக்கி மூடித் திறந்தேன். வண்டி ஓட்டுகிறவன் கண்ணை மூடுவதா என்ற நினைப்புகூட வரவில்லை. பொந்தியான் சாலைக்குத் திரும்பிவிடலாமா, அந்தக் கடலுக்கே போயிருப்பாளா, ஐம்பது கிலோமீட்டர் எப்படி நடப்பாள் என்று வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஓட்டினேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

சட்டைப் பையில் அவள் கைப்பேசி அடித்தது. எடுத்துப் பார்த்தேன். திரையில் நான்கு இங்கிலீஷ் எழுத்துகள். எஸ், ஐ, டி, ஐ.

சித்தி. மலாய்ப் பெண்களின் பெயர். இருபத்தெட்டு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். என் தொழிற்சாலையிலேயே எத்தனை சித்திகள்.

5

"அங்கிள், நான் சித்தி." மலாயில்தான் பேசினாள். சின்ன வயதுக் குரல். பின்னால் ஏதோ இயந்திரம் சுற்றும் சத்தம். "நிவே என் டோபிக் கடையில இருக்கா. நடந்தே வந்திருக்கா. கால்ல கொஞ்சம் வெட்டு, கட்டுப் போட்டுட்டேன். உக்காந்திருக்கா."

"இதோ வரேன், இப்பவே வரேன்."

"இப்ப வராதீங்க. வண்டியை ஓரமா நிறுத்துங்க. நிறுத்திட்டீங்களா?"

நிறுத்தினேன். எனக்கு மூச்சு இரைத்தது. அவளுக்கு அது கேட்டிருக்க வேண்டும்.

"பயப்படலாம் அங்கிள். தப்பே இல்ல. ஆனா உக்காந்து பயப்படுங்க. அவ எழுதின தாள் எங்க இருக்கு?"

"வீட்டுல."

"படிச்சிருக்கீங்களா?"

"சாமி அலமாரியில வச்சிருக்கேன்."

"படிச்சிட்டு வாங்க. அவசரமில்ல. நீங்க வர்ற வரைக்கும் கடையை மூடமாட்டேன்."

வீட்டுக்குப் போனேன். ஜெயந்தி வந்திருந்தாள். மாலா கூடத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிவேதா கிடைத்துவிட்டாள் என்று சொல்லி, தயவு செய்து எல்லாரும் கிளம்புங்கள் என்று கேட்டேன். "நான் நல்லதுக்குத்தானே அத்தான் வந்தேன்? நீங்கதானே கூப்பிட்டீங்க?" என்றாள் மாலா. இரண்டும் உண்மை. தலை குனிந்து நின்றேன்.

கற்பூரப் பொட்டலத்துக்கு அடியில் இருந்து தாள்களை எடுத்தேன். மூன்று பக்கம். யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் முதல் பெயர் சித்தி, பக்கத்திலேயே எண். செய்யக் கூடாதவை: சொந்தக்காரர்களை வரவழைக்கக் கூடாது, மந்திரிக்கக் கூடாது, நாலு பேர் சேர்ந்து கட்டிப் பிடிக்கக் கூடாது. நாங்கள் ஒன்று விடாமல் செய்திருந்தோம். மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பத்தி எனக்காகவே எழுதியது. அவள் மலாய்ப் பள்ளியில் படித்தவள், தமிழ் எழுத வராது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழைப் போட்டிருந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'அப்பாகிட்ட சொல்லலாம். ஆனா அப்பா பயந்துட்டா நான் அவரையும் சேத்துப் பாத்துக்க வேண்டியிருக்கு. அந்த நேரத்துல என்னால ரெண்டு பேரைப் பாத்துக்க முடியல. அதனால மொதல்ல சித்தி. அப்பா வந்தா அழ வேண்டாம். இப்ப போலாமா, பத்து நிமிஷம் கழிச்சுப் போலாமான்னு மட்டும் என்கிட்ட கேக்கட்டும்.'

ஜெயந்தி ஏற்கெனவே படித்திருக்கிறாள். என் தோளில் கை வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

டோபிக் கடை கடைவரிசையின் கடைக்கோடியில். காசு போட்டால் சுற்றும் சலவை இயந்திரங்கள். நிவேதா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து யாருடைய துண்டுகளையோ மடித்துக்கொண்டிருந்தாள். உதடு ஓயாமல் அசைந்தது. முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. தலையில் துடோங் என்கிற முக்காடு கட்டிய, முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொடுத்தாள். ஒன்று மடித்து முடிந்த பிறகுதான் அடுத்தது.

அவள் எதிரில் போய் நின்றேன்.

"இப்ப போலாமாம்மா? பத்து நிமிஷம் கழிச்சுப் போலாமா?"

நிவேதாவின் கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை, துண்டைத்தான் பார்த்தாள். "பத்து நிமிஷம்," என்றாள்.

நானும் ஜெயந்தியும் பெஞ்சில் உட்கார்ந்தோம். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான பத்து நிமிடம் இருந்ததில்லை. எழுந்து ஓடிவிடுவாளோ என்று வாசலையும் அவள் கால் கட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஓடவில்லை. நேரம் முடிந்ததும் தானாக எழுந்து காரில் ஏறினாள். சித்தி கடையைப் பூட்டிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மருத்துவமனை முகப்பில் பதிவு எழுதும் கிராணி என் சிவப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நோயாளி குடிமகளா, நீங்கள் யார், அவளுக்கு என்ன உறவு என்று கேட்டார். பாரத்தில் உறவு என்ற கட்டத்தில் எழுத வேண்டியதை முகவரிக் கட்டத்தில் எழுதிவிட்டேன். வேறு பாரம் தந்தார். அதிலும் தப்பு. மூன்றாவதை ஜெயந்தி வாங்கி எழுதினாள். நிவேதாவின் தாளைச் சித்தி டாக்டரிடம் கொடுத்தாள். எந்த மருந்து போன தடவை ஒத்துக்கொள்ளவில்லை என்பது வரை அதில் இருந்தது. டாக்டர் நின்றுகொண்டே முழுதும் படித்தார். இந்த முறை பன்னிரண்டு நாளில் வீடு திரும்பினாள்.

சித்தி யார் என்று வார்டு வராந்தாவில் ஜெயந்தியிடம் கேட்டேன். "குழுவுல பழக்கம். ஆறு வருஷமா கிளீன்," என்றாள். டோபிக் கடை வைத்திருப்பவள்தானே, ஆறு வருடமாகத் துவைக்கிறாள் போல என்று நினைத்துத் தலையாட்டினேன். ஜெயந்திக்கு என் முகம் தெரியும். "ஐயோ, அது இல்லங்க. போதைப் பொருளை விட்டு ஆறு வருஷம்."

மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு நன்றி வரவில்லை, பயம்தான் வந்தது. எனக்கு முன்னால் என் மகள் எழுதி வைத்த பெயர், ஒரு காலத்தில் போதைக்கு அடிமையாக இருந்த பெண்ணின் பெயரா? பல நாள் அது உள்ளே குடைந்தது.

ஒரு நாள் நிவேதாவைக் கூட்டிவர டோபிக் கடைக்குப் போனபோது சித்தியே பணப்பெட்டி இழுப்பறையைத் திறந்து காட்டினாள். உள்பக்கம் அவளுடைய தாள் ஒட்டியிருந்தது. ஆசை வந்தால் ஈரத் துணியைக் கையில் பிழி. பத்து நிமிடம் தள்ளிப் போடு. பிறகு இன்னொரு பத்து. பழைய நண்பர்கள் இருக்கும் தெரு வழியாகப் போகாதே. அதற்குக் கீழே ஐந்து பெயர்கள்.

"இன்னும் வருமா?" என்று கேட்டேன்.

"நேத்துகூட வந்துச்சு அங்கிள்," என்றாள். இழுப்பறையை மூடிவிட்டு அடுத்த ஆளுக்குச் சில்லறை எடுத்தாள்.

6

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காரை அணைத்துவிட்டு மாடிக்குப் போனேன். மகளுக்காகப் போனேன் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். சித்தி எனக்கு ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்தாள். "இது உங்களுக்கு," என்றாள்.

எனக்கு நோய் இல்லையே என்றேன். வட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. குடியை விட்ட ஒரு லாரிக்காரர் மட்டும், "நானும் அப்படித்தான் சொன்னேன்," என்றார்.

எழுதத் தொடங்கினேன். நான் நன்றாக இல்லாதபோது என் அடையாளங்கள்: கதவுக்குக் கீழே குனிந்து பார்ப்பேன். மாத்திரையை எண்ணுவேன். சாப்பாடு இறங்காது. தொழிற்சாலையில் இயந்திரத்தின் சூட்டுமானியை ஒரே மணி நேரத்தில் பத்து முறை பார்ப்பேன். மகள் கேள்வி கேட்டால் ஒன்றுமில்லை என்பேன். எழுத எழுத இடம் போதவில்லை. அப்படி வந்தால் நான் செய்ய வேண்டியவை: உட்கார வேண்டும். கையைக் குளிர்ந்த தண்ணீரில் வைக்க வேண்டும். அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம், இரண்டாவது கூடாது. இவை சில நாள் உதவுகின்றன. பல நாள் மறந்துவிடுகிறேன்.

ஒரு கட்டம் மட்டும் மாதக்கணக்கில் காலியாகவே கிடந்தது. நான் யாரைக் கூப்பிடுவேன்? வீட்டுக்கு வெளியே ஒருவர் வேண்டும். ஓடி வர வேண்டியதில்லை, போனை எடுத்தால் போதும் என்று சித்தி சொன்னாள். இருபத்தெட்டு வருடம் இருந்த ஊரில், காலை வணக்கமும் சம்பளப் பேச்சும் தாண்டி ஒரு மனிதர்கூட எனக்கு இல்லை என்பது அந்தக் கட்டத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஊரில் அண்ணன் இருக்கிறார். ஆனால் இரண்டு வருடத்துக்கு மேலாக அவரிடம் சொன்னதெல்லாம் பொய். நிவேதா நல்லா இருக்கா, வேலை மாறிட்டா, பிசியா இருக்கா. அவர் உத்தமபாளையத்தில் ஒரு வரன் பார்த்து வைத்திருந்தார்.

போன ஞாயிறு பசியாறிய பிறகு நிவேதாவே சொன்னாள். "பெரியப்பாகிட்ட சொல்லுங்கப்பா. என் கதைதான். நான் பெர்மிஷன் தரேன்."

போன் செய்து சொன்னேன். பொந்தியான், வார்டு, தாள், எல்லாவற்றையும்.

"இத இதோட விடு, செல்வம். யார்ட்டயும் மூச்சு விடாத. பொம்பளப் புள்ள. வெளிய தெரிஞ்சா அவ வாழ்க்கை என்னத்துக்கு ஆகும்?" பிறகு குரல் இறங்கியது. "அம்புட்டு தூரத்துல கொண்டுபோய் வளத்தா இப்படித்தான்."

வைத்துவிட்டார். நிவேதா என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் அத்தனையும் கேட்டிருந்தாள். எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சொன்னது தப்போ, இதுவே அவளை மறுபடி எங்காவது தள்ளிவிடுமோ என்ற பயத்தில் அன்று முழுவதும் எனக்கு எதுவும் ஓடவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. அண்ணன். ஊரில் அப்போது விடியற்காலை நான்கு மணி. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தே எடுத்தேன்.

"முழிச்சிட்டியா?"

"வேலைக்குக் கிளம்பிட்டேண்ணே. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஒங்க அண்ணி எங்கூடப் பேசல." தொண்டையைச் செருமினார். "நான் நேத்து பேசுனது தப்பு. பாப்பாட்ட நான் அப்பறம் பேசிக்கிர்றேன். நீ இத்தன நாளா இத ஒத்தையில வச்சிக்கிட்டு எப்படிரா இருந்த?"

செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன்.

"அந்தக் காயிதத்துல யாரயாச்சும் எழுதணும்னு சொன்னியே. எம் பேர எழுதிட்டியா?"

"இல்லண்ணே."

"எழுது."

"சாயங்காலம் வந்து எழுதுறேன்."

"இப்ப எழுது. நம்பரச் சொல்றேன்."

அந்த எண் பதினைந்து வருடமாக மாறவே இல்லை. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் உள்ளே போய்த் தாளை எடுத்து மேசையில் விரித்தேன். அண்ணன் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பிறகு, "எழுதிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னார்.

வெளியே தொழிற்சாலை பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. இன்னும் நான்கு எண்கள் பாக்கி இருந்தன. ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, கொஞ்சம் பொறுக்கும்படி பஸ்காரரிடம் சைகை செய்தேன்.